மச்சான் போன் பண்ணும் நேரம்

கணக்கர் பரம சாது. சைக்கிள் உதிரிபாகக் கம்பெனியில் வருஷக்கணக்கில் கணக்கு எழுதியவர். வேலையை விட்டபின், படுக்கையறை இஸ்திரி மேசைமேல் லேப்டாப்பை வைத்துப் பங்குச்சந்தையில் இறங்கினார். அதிலும் விலை விழுந்தால் லாபம் பார்க்கிற பிரிவு. கையில் இல்லாத பங்கைக் காலையில் விற்பது, விழுந்ததும் வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிப்பது. எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனிதருக்கு, அடுத்தவர் கவிழ்வதில்தான் பிழைப்பு.

இதில் சூட்சுமமே நேரம்தான். சந்தை திறந்ததும் ஆசைக்காரர்கள் முண்டியடித்து வாங்குவார்கள், விலை எகிறும். அந்த வேகம் எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே விற்க வேண்டும். முந்தினால் மிதிபடுவோம், பிந்தினால் ஒன்றும் மிஞ்சாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மேதைகள் கோடு கோடாக வரைகிறார்கள். கணக்கருக்குக் கோடு தேவைப்படவில்லை. அக்கா வீட்டுக்காரர் இருந்தார்.

மச்சானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் பார்வையையெல்லாம் சோதிக்கிறவர். கடை திறக்குமுன் அவரும் சந்தையில் வாங்குவார். வாங்கிய சூட்டோடு போன் பண்ணுவார்.

"மாப்ளே, பாத்தியா? சிமெண்ட் பறக்குது. நான் ஏறிட்டேன்."

"நல்லது மச்சான்," என்பார் கணக்கர், விற்கும் பட்டனை அழுத்தியபடி.

மச்சான் ஏறிய இடம்தான் உச்சி. ஒரு நாளும் தப்பியதில்லை. வாங்காதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு யார் போன் பண்ணுவது?

லாபத்தில் புது ஃப்ரிட்ஜ் வந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்விளக்கு வெளிச்சத்தில் மச்சான் முகம் தெரிந்ததால், கணக்கர் வெந்நீர் குடிக்கப் பழகினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள்.

"கண் டெஸ்ட் பண்ற மெஷின் வாங்கச் சேத்து வச்சதுல பாதிய இதுல விட்டுட்டார்டா. பழைய மெஷினை நம்பி யாரும் வர்றதில்ல. மிச்சமும் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான். நீ சொன்னா கேப்பார். உன்னைப் பெரிய ஞானின்னு நெனச்சிட்டிருக்கார்."

ஞானி தலையைக் குனிந்துகொண்டு வெந்நீர் கேட்டார்.

மறுநாள் காலை போன் வந்தது. "மாப்ளே, சிமெண்ட் திரும்பக் கெளம்பிடுச்சு. உன்னைக் கேக்காம வாங்கக் கூடாதுன்னு உங்க அக்கா உத்தரவு. வாங்கட்டுமா?"

கணக்கரின் விரல் பட்டன்மேல் இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"வேணாம் மச்சான். விழும்."

பழக்க தோஷம், சொல்லிவிட்டுத் தானும் விற்றார். சிமெண்ட் விழவில்லை. சந்தை மூடும்வரை படியேறிக்கொண்டே போனது. ஏறக்குறைய ஒரு ஃப்ரிட்ஜைப் பறிகொடுத்துக் கணக்கர் கணக்கை முடித்தார்.

சாயங்காலம் மச்சான் பிடித்துக்கொண்டார். "நல்லா சொன்னே போ. கைக்கு வந்ததைத் தட்டி விட்டுட்டியே. ஞானியாம் ஞானி."

திட்டு வாங்கிய சந்தோஷத்தில் கணக்கர் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். விளக்கு வெளிச்சத்தில் யாரும் இல்லை.

அடுத்த நாள் காலை போன் வரவில்லை. கணக்கரே அழைத்தார்.

"என்ன மச்சான், வாங்கிட்டீங்களா?"

"அதை உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? மிச்சம் இருந்த மொத்தத்தையும் போட்டுட்டேன். நீதான் வாங்கச் சொன்னேன்னு உங்க அக்காகிட்டச் சொல்லியாச்சு. காட்டிக் குடுத்துடாதே."

திரையில் சிமெண்ட் உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு சரியத் தொடங்கியது. கணக்கர் விற்கவில்லை. எழுந்துபோய் அடுப்பில் வெந்நீர் வைத்தார்.