இதோடு இவையும் நீங்கும்

'அந்தப் பெட்டியை நான்தான் எடுத்தேன். என் கையால் எடுத்ததை என் கண்ணெதிரே திரும்பக் கொண்டுவந்து வைத்தது யார்?'

சந்திரமதி இதை இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பைத்தியம் என்பார்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான். 2007 ஆகஸ்ட் 21, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், மலேசியாவில், மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்தது.

கீழே ஐம்பதாவது மெர்டேக்காவுக்கு, சுதந்திர தினத்துக்கு, கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே அவள் தனியாக உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தாள்.

லினக்ஸ் கணினியில் மென்பொருள்களைச் சேர்க்கவும் நீக்கவும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவார்கள். அது தெரியாதவர்களுக்காக, பட்டியலும் பட்டனுமாக ஒரு முகப்பு செய்வது அவள் வேலை. ஒன்றை நீக்கினால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் சேர்ந்து போய்விடும். அதனால் நீக்குவதற்கு முன் ஒரு பெட்டி தோன்றும்படி எழுதியிருந்தாள். 'இதோடு இவையும் நீங்கும்' என்று பட்டியல் போட்டுக் காட்டி, சம்மதமா என்று கேட்கும் பெட்டி.

முதலாளி கருணாகரனுக்கு அது பிடிக்கவில்லை. "சும்மா சும்மா கேள்வி கேட்டா கஸ்டமர் பயப்படுவான் லா. எடுத்துடு."

எடுத்துவிட்டாள்.

ஜூன் மாதம் புக்கிட் பாருவில் ஒரு கிளினிக்கின் எழுத்தர் ஹஸீனா, பயன்படாத பழைய பிரிண்டர் மென்பொருள் ஒன்றை நீக்கினாள். கணினி எதுவும் கேட்கவில்லை. அதை நம்பியிருந்த நோயாளிப் பதிவேடும் சேர்ந்து போனது. ஆறு வருடப் பதிவு. அன்றே ஹஸீனாவின் வேலையும் போனது.

இப்போது கிளினிக் விளக்கம் கேட்டிருந்தது. கருணாகரன் அடித்துத் தந்த கடிதம் மேசைமேல் கிடந்தது. 'எச்சரிக்கைப் பெட்டி வந்தது. எழுத்தர் அதைப் படிக்காமல் அழுத்தினார்.' கீழே சந்திரமதி கையெழுத்திட வேண்டும்.

"அஞ்சு மணிக்குள்ள வேணும் சந்திரா. இல்லன்னா நாளையிலிருந்து நீ வீட்ல உக்காந்து கொடி தைக்கலாம்." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் கோபத்தில் பாதி அவர்மேல். எடுத்துடு என்றதும் எடுத்த தன் கைமேல் மீதி. ஹஸீனாவை அவள் பார்த்ததுகூட இல்லை. பார்க்காத ஒருத்தியை இரண்டாவது முறை கீழே தள்ளச் சொல்கிறார்கள்.

மணி 3.04. கிளினிக்குக்குக் கொடுத்த அதே முகப்பைத் திறந்தாள். அதே பிரிண்டர் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாள். 'நீக்கு' பட்டனை அழுத்தினாள்.

டொக்.

ஒரு பெட்டி வந்தது.

'இதோடு இவையும் நீங்கும்.'

வரக்கூடாது. நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். அந்தப் பெட்டிக்கான வரி ஒன்றுகூட இல்லை. இணைய வயரைப் பிடுங்கினாள். மறுபடி அழுத்தினாள்.

மணி 3.08. மறுபடி வந்தது.

முதல் வரி, நோயாளிப் பதிவேடு. சரிதான். அதன் கீழே இன்னொரு வரி, எழுத்து எழுத்தாக வந்தது. யாரோ தட்டுவதுபோல்... டொக்... டொக்... அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

வேலை.

அம்மாவின் பிரஷர் மாத்திரை.

சல்மாவின் பள்ளி வேன்.

சல்மா யார்? அவளுக்குத் தெரியாது.

கீழே கொடி கட்டும் சத்தம் நின்றிருந்தது. மின்விசிறிச் சத்தமும்...

டொக்.

ஹஸீனா.

அதற்குமேல் வரி இல்லை.

'சம்மதம்' பட்டன் அமுங்கியது. அவள் தொடவில்லை.

பெட்டி மறைந்தது.

மணி 3.10.

படியேறும் செருப்புச் சத்தம் கேட்டது. கருணாகரன்.

"சைன் பண்ணியாச்சா?"

"பாஸ்... ஹஸீனாவுக்கு சல்மான்னு மகள் இருக்கா?"

"ஆமா லா. உனக்கு எப்படித் தெரியும்?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாவம் அந்தப் பிள்ளை. நீ கேள்விப்படலையா? ஹஸீனா போன செவ்வாய் இறந்துட்டா. வேலை போனதும் வேன் காசு கட்ட முடியல, நிறுத்திட்டாங்க. பிள்ளையக் கூட்டிட்டு வர நடந்து போயிருக்கா. ரோட்டைக் கடக்கையில லாரி. மூணு பத்துக்காம். கிளினிக்காரர் இன்னைக்குத்தான் போன்ல சொன்னார்."

அவள் திரும்பித் திரையின் மூலையிலிருந்த மணியைப் பார்த்தாள்.

கருணாகரன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கடிதத்தின்மேல் வைத்தார். "ஒரு வகையில நமக்கு நல்லதுதான். இனி யார் வந்து கேக்கப் போறா? போடு லா."

சந்திரமதி பேனாவை எடுத்து மூடினாள். கடிதத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பெட்டிய நான்தான் எடுத்தேன்னு எழுதித் தர்றேன்," என்றாள் மெதுவாக. "இதுல போட மாட்டேன் பாஸ்."