சாயந்தானுங்க

முதலில் மூக்கைச் சுண்டுகிற ப்ளீச்சிங் வாசம் வரும், அப்புறம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம் வரும், அதற்கும் பிறகுதான் அப்பா வருவார். திருப்பூர் மண்ணரையில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் பின்னால், எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக இருந்த "பொடக்காளி"யில் அவர் கைகால் கழுவ உட்காரும்போதே அன்று சாயப்பட்டறையில் என்ன நிறம் ஓடியது என்று எனக்கும் தம்பிக்கும் தெரிந்துவிடும். சிவப்பு ஓடிய நாளில் ஆட்டை அறுத்துவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். பச்சை ஓடினால் தம்பி அவரைக் கிளி என்று கூப்பிடுவான், அவரும் சளைக்காமல் கீ கீ என்று கத்திக்கொண்டே கழுவுவார். ஒரு பிடி ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கையை முக்கி எடுத்தால் நிறம் போய்விடும். சாயப்பட்டறைக்காரர்களுக்கு அதுதான் சோப்பு. ஆனால் காலுக்கு அந்தச் சோப்பைப் போட முடியாது. கொதிக்கிற சாயத்தண்ணீரும் சோடாவும் வழிகிற தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்பதால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வெடித்திருக்கும், அதில் ப்ளீச்சிங் பட்டால் உயிர் போகும். அதனால் அப்பாவின் கைகள் மாநிறமாகவும், கணுக்கால் வரை கால்கள் மட்டும் அந்தந்த வாரத்து நிறத்திலும் இருந்தன. எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் பள்ளிக்கூடம் போகும்வரை நினைத்திருந்தேன்.

குண்டடம் பக்கம் கிணறு வற்றிப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் "செக்கிங்"கில் இருந்தாள். தைத்து வருகிற உருப்படியை விரித்து வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கறை பார்த்து ஒதுக்குகிற வேலை அது. எண்ணெய்க் கறையா, துருவா, சாயமா என்று அவளைப்போலச் சொல்ல அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது என்பார்கள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போதுகூட, "இது புளிக்கறை, இது மஞ்சக்கறை" என்று எங்களுக்குப் பாடம் நடத்துவாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்குப் பட்டறைக்கு ஒரு வாரம் லீவு விட்டார்கள். தீபாவளி லீவில் திருப்பூரே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடும். லைன் வீட்டில் எங்களைத் தவிர எல்லோரும் ஏதோ ஒரு வருஷம் கடல் பார்த்தவர்கள். அந்த வருஷம் அப்பா ராமேஸ்வரம் என்றார். அதற்குக் காரணம் சாமியும் இல்லை, நாங்களும் இல்லை. பட்டறை மேஸ்திரி அவர் காலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளு கடல்தண்ணியில நில்லுப்பா, கடல் உப்புக்கு ஆறாத புண்ணு உண்டா?" என்று சொல்லியிருந்தார். அதே வார்த்தையை லைன் வீட்டுப் பெரியவர்களும் சொன்னார்கள். லீவுக்கு முன் கடைசியாக ஓடியது நேவி ப்ளூ. அப்பா கருநீலக் காலோடுதான் பஸ் ஏறினார்.

ராமேஸ்வரத்துக் கடல் அலையே இல்லாமல் குளம் மாதிரி கிடந்தது. இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று தம்பிக்கு ஏமாற்றம். அப்பாவுக்கோ கொண்டாட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கியவர் பொழுது சாயும்வரை ஏறவே இல்லை. தம்பி அவர் தோளில் ஏறித் தலைகீழாகக் குதித்தான், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி முங்கினேன். நடுவில் எப்போதோ பாறையில் காலை உரசிக்கொண்டார், சுள்ளென்று எரிகிறது என்றார். "எரிஞ்சா நல்லதுதான், மருந்து வேலை செய்யுது" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவரை அவ்வளவு நேரம் சும்மா நின்று பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் இடதுகால் வீங்கியிருந்தது. நோவு தாங்கவில்லை என்று அப்பா பாயிலேயே கிடந்தார், மத்தியானம் காய்ச்சலும் வந்தது. கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சுக்குக் காப்பி வாங்கி வந்து கொடுத்தாள். லாட்ஜ் வராந்தாவில் அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தபோது சங்கு விற்கிற அம்மாள் ஒருத்தி நின்று, "என்னம்மா இது, இவுக காலு இப்படிக் கறுத்துக் கெடக்கு?" என்று பதறினாள். அம்மா சிரித்தாள். "சாயந்தானுங்க. அவரு சாயப்பட்டறையில வேலை செய்யறாருங்க" என்றாள். லாட்ஜ்காரர் கேட்டார், அவருக்கும் அதே பதில். பக்கத்து அறையில் தங்கியிருந்த வாத்தியார் குடும்பம் கேட்டது, அவர்களுக்கும் அதே பதில். கூடவே நேவி ப்ளூ எவ்வளவு கெட்டியான நிறம், எத்தனை குளியலுக்கும் போகாது என்கிற விளக்கமும். காலையில் இருந்ததைவிட நிறம் கூடியிருக்கிறதே என்று அப்பாவே கேட்டதற்கு, "உப்புத்தண்ணி ஏறி உள்ள இருக்கற சாயத்தையெல்லாம் கக்குதுங்க, கக்கட்டும் உடுங்க" என்றாள். சாயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் காலில் இருந்தது தெரிந்தது. சாயத்தில் பிழைத்த எங்களுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கெண்டைக்காலில் கொப்புளங்கள் எழும்பின. அப்போதுதான் அம்மாவுக்கே சந்தேகம் வந்தது. லாட்ஜ் சாக்கடைக்குப் போட வைத்திருந்த ப்ளீச்சிங் பவுடரில் ஒரு பிடி கேட்டு வாங்கி, வாளித் தண்ணீரில் கரைத்தாள். அந்த வாசம் வந்ததும் வீட்டுக்கே திரும்பிவிட்டது போல இருந்தது எனக்கு. முதலில் வலதுகாலைத் துணியால் நனைத்து மெல்லத் தேய்த்தாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார், ஆனால் நீலம் வெளுத்து, அடியிலிருந்து மனிதத் தோல் வந்தது. பிறகு இடதுகால். தேய்த்தாள், நனைத்தாள், மறுபடியும் தேய்த்தாள். அது வெளுக்கவே இல்லை, அப்பாவும் முனகவே இல்லை. அந்தப் பாதத்தில் அவருக்கு நோவே தெரியவில்லை என்பது அம்மாவுக்கும் எனக்கும் அவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது.

"இது சாயமில்ல புள்ள" என்றார் அப்பா.

பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, கடல்தண்ணீரில் நின்ற புண் வழியாக விஷம் ஏறியிருக்கிறது, இங்கே வைத்துக்கொண்டு ஆகாது, ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குக் கொண்டுபோய்விடுங்கள், விடிந்தால் கால் இல்லை, அதற்கும் மேலேயும் ஆகலாம் என்றார். அதற்கும் மேல் என்றால் என்ன என்று தம்பி கேட்டான். அம்மா ட்ரங்குப் பெட்டியை இழுத்துத் துணிகளை அடைக்கத் தொடங்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் நின்றது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வந்த ஆளையும் காலையும் பார்த்த கண்டக்டர் படியை மறித்துக்கொண்டு, "வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்தானம்மா ஸ்டேஷன்ல போய் நிக்கணும்" என்றார். அம்மா கெஞ்சினாள். "ஏனுங்க சாமி, கீழயே உக்காந்துக்கறமுங்க" என்று அந்த ஆளின் காலைத் தொடப் போனாள். பஸ் போய்விட்டது. அவ்வளவு பெரிய கோயில் உள்ள ஊரில், அவ்வளவு கூட்டத்தில், நாங்கள் நாலு பேரும் ஒரு ட்ரங்குப் பெட்டியும் தனியாக நின்றோம்.

எங்களை ஏற்றிக்கொண்டது ஒரு மீன் வேன். டீ குடிக்க நிறுத்தியிருந்த அதன் டிரைவர் விவரம்கூட முழுதாகக் கேட்கவில்லை. "மதுரைக்குத்தான் லோடு போகுது, ஏறுங்க மதினி. நாத்தத்தைப் பாக்காதீக" என்றார். ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை நகர்த்தி, நடுவில் சாக்கு விரித்து அப்பாவைக் கிடத்தினார்கள். அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பின்னால் உட்கார்ந்தாள். நானும் தம்பியும் முன்னால். எங்கள் சீட்டுக்குப் பின்னே கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. பாம்பன் பாலத்தில் ஏறும்போது நான் திரும்பி அதில் முகத்தை வைத்தவள் மதுரை வரை எடுக்கவில்லை.

பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் கறுப்பாகக் கிடந்தது. அப்பா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "கண்ணு, கடல நல்லா பாத்துக்கிட்டியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "அடுத்த வருசம் அலையடிக்கற கடலுக்குப் போலாம். தம்பிகிட்டச் சொல்லு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் பட்டறைக்குத் தகவல் சொல்ல வேண்டும், லீவு முடிந்ததும் அடுத்த துணி லாட்டைச் சாயத்தில் ஏற்ற வேண்டும், ஆள் பத்தாது என்று அம்மாவிடம் புலம்பினார். வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கால் அலுங்காமல் இருக்க அம்மா இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டே வந்தாள். பரமக்குடி தாண்டியபோது அப்பாவின் பேச்சு குழறத் தொடங்கியது. டிரைவர் அதைக் கேட்டுவிட்டு, இடையில் இறக்க வேண்டிய லோடை இறக்காமலே விரட்டினார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மதுரைக்குள் நுழையும்போது இன்னும் விடியவில்லை. போகும்போது தூக்கத்தில் தாண்டிப்போன ஊர், திருப்பூருக்கு வெளியே நான் பார்த்த முதல் பெரிய பட்டணம் அது. பூ மூட்டை ஏற்றிய வண்டிகள் எங்களை முந்திக்கொண்டு போயின, கடைக்குக் கடை லைட் எரிந்தது, மனிதர்கள் டீ கிளாஸோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டிக்குள் இப்படி ஒன்று நடக்கும்போது ஒரு ஊர் எப்படிச் சிரிக்கலாம் என்று எனக்கு அந்த ஊர்மேலேயே ஆத்திரம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, வயது ரொம்பக் குறைவு, துணியை விலக்கியதுமே கேட்டார்: "எப்பலேருந்தும்மா இப்படி இருக்கு?"

"நேத்துக் காலையிலிருந்துங்க."

"நேத்தேவா? நேத்தே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா."

"சாயமுன்னு நெனச்சமுங்க" என்றாள் அம்மா.

அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. புரிய வைக்க அம்மாவுக்கும் தெம்பில்லை. காலை எடுத்தால் பிழைக்க வழியுண்டு என்றார்கள், அம்மா கைரேகை வைத்தாள். உள்ளே கொண்டுபோகும்போது அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. "காலு போனாப் போகுது உடு. கை ரெண்டும் இருக்குதில்ல, உன்ர கம்பெனியில மடிக்கற வேலை கேட்டுப் பாக்கலாம்" என்று அம்மாவைத் தேற்றினார். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். விஷம் அதற்கும் மேலே போயிருந்தது. மறுநாள் பொழுது இறங்கும்போது அப்பா இறந்துபோனார்.

பட்டறை முதலாளி வேன் அனுப்பினார், காரியத்துக்கு அவரே வந்து முன்னால் நின்றார், குறை சொல்ல முடியாது. வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். செருப்பில்லாமல் சாயத்தண்ணீரில் நில் என்று எந்த விதியும் ஒருவனிடம் சொன்னதில்லை. லீவு முடிந்ததும் முதலாளி எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். வெந்நீர் உள்ளே புகுந்து இன்னும் மோசமாக வேகிறது என்று ஒருவரும் போடவில்லை. அம்மா அழுததை நான் அதிகம் பார்க்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பாத்தவிய எல்லாம் கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் நாந்தானுங்க பதில் சொன்னேன்." பிறகு அதே கம்பெனிக்கு, அதே செக்கிங் மேசைக்கு வேலைக்குப் போனாள். அந்த வேலையில்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தாள்.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் யாரோ குடோன் கட்டியிருக்கிறார்கள். மூடிய மெஷினுக்குள்ளேயே துணி சுற்றிச் சாயம் ஏறி வருகிறது. வண்ண வண்ணக் கால்களோடு சைக்கிள் மிதித்து வந்த கூட்டம் ஊரிலிருந்து மறைந்துவிட்டது. அது மறைந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இப்படி முழுசாக மறந்துபோனதில்தான் கோபம். ஆனாலும் ஒதுக்குப்புறத்தில் எங்கோ கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. போன மாதம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனபோது நெருப்பெரிச்சல் ஸ்டாப்பில் ஒரு வடநாட்டுப் பையன் ஏறி எங்கள் எதிரில் உட்கார்ந்தான். இருபது வயதுகூட இருக்காது. ரப்பர் செருப்புக்குள் அவன் பாதங்கள் கருநீலமாக இருந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஓடுகிற பஸ்ஸில் தரையில் உட்கார்ந்தே விட்டாள். "காலைக் காட்டு கண்ணு" என்று அவன் பாதத்தை எடுத்து மடியில் வைத்து, கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பையன் வெட்கத்தில் நெளிந்தான், காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், பிறகு அவளுக்குப் புரியட்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான்: "கலர், அம்மா. கலர்."

அம்மா அவன் காலை விடவில்லை.