கன்னியாகுமரிக்குக் கட்டிய பை

சேமிப்பைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பணம் தர வேண்டும். அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனியின் விதி அது. ‘சுற்றுலாக் கடன் ஒரே நிமிடத்தில்’ என்று கைப்பேசி இன்று சிணுங்கியபோது நான் பள்ளியில் படித்தபோது வந்த அந்த மே மாதம் நினைவுக்கு வந்தது.

கன்னியாகுமரிக்குப் பை கட்டியாயிற்று. அம்மா சுட்ட முறுக்கு நமத்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டதும் வாசலுக்கு ஓடி அவர் கையைப் பார்ப்பேன். சனிக்கிழமைக் கூலியில் அவர் கம்பெனியிலேயே விட்டுவைத்த சொந்தப் பணம்தான், எழுதிக் கொடுத்து ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை.

“அட்வான்ஸுன்னா இப்பவே தர்றேங்கறாரு மேனேஜரு,” என்றார் அப்பா. கடனுக்கு விதி எதுவும் இல்லை போலும்.

“வாங்கிக்கலாமுங்களே. பள்ளிக்கூடம் தொறந்துருவாங்க,” என்றாள் அம்மா.

“கடன் வாங்கிக் கடல் பாக்கோணுமா? எழுதிக் குடுத்திருக்கறேன், பதில் வரும்.”

வந்தது. பணம் தயார் என்று கம்பெனி சொல்லி அனுப்பியது, பள்ளி திறந்த ஜூன் முதல் தேதி.