கால்குலேட்டரில் அடித்துக் காட்டு

மூன்று இடத்தில் விலை கேட்காமல் பாங் மல்சுன் எதையும் வாங்கியதில்லை. குளிர்கால கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் வாங்க மூன்று சந்தை ஏறி இறங்குவாள். தன்னையும் இன்னும் இரண்டு பேரோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் கட்டிக்கொண்டாள் என்று அவள் புருஷன் சாகும்வரை சொல்லிச் சிரித்தான். பத்தொன்பது வயதில் சியோலுக்கு வந்து, சவுரித் தொழிற்சாலையில் விரல் தேய்ந்து, உணவுக்கடைகளில் பாத்திரம் கழுவி, கடைசியில் ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமைச் சமையல்காரி ஆனவள். அவளுக்குக் கீழே எட்டுப் பெண்கள். அந்தச் சமையலறையில் மல்சுன் அக்கா சொன்னால் சொன்னதுதான். ஐம்பத்தொன்பது வயதில் அவள் சேர்த்து வைத்திருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். வீடுகூட வாடகை வீடு.

ஃபோன் திரை செத்தபோதும் அவள் வழக்கப்படி ஒப்பிடத்தான் கிளம்பினாள். எலக்ட்ரானிக்ஸ் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் கடையும் கடையும் முதுகு உரசிக்கொண்டு நிற்கும். அங்கே யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. கம்பெனி அறிவித்த தள்ளுபடிக்கு மேல் கொஞ்சம்தான் கொடுக்கலாம் என்று சட்டம். அதையும் தாண்டிக் கொடுக்கிறவன் வாய் திறப்பானா? மாடலைச் சொன்னால் கால்குலேட்டரைத் தள்ளுவான், எண்ணைக் காட்டுவான், உடனே அழிப்பான். மல்சுனுக்கு முதல் கடையில் முப்பத்தைந்து வந்தது, அடுத்ததில் முப்பத்தொன்று, மூன்றாவதில் இருபத்தொன்பது. பத்தாயிரத்தை ஒன்றாக எண்ணுகிற வழக்கம் அது; அதாவது இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் வோன். அந்த எண்ணை மனசில் முடிந்துகொண்டு ரயிலேறினாள்.

இறங்கிய இடத்தில் கியோங்தேயின் ஃபோன் கடை. அவளோடு ஒரே அறையில் குடியிருந்த ஊர்த்தோழியின் மகன் அவன். அம்மா செத்துப்போன பிறகு இரண்டு வருஷம் மல்சுன் கையால்தான் சாப்பிட்டான்.

"சித்தி! நான் கடை வச்சிருக்கும்போது அந்தக் கூட்டத்துல போய் நின்னீங்களா?"

"இருபத்தொன்பதுன்னு காட்டினான்டா."

"வாயத் திறந்து சொல்ல முடியாதவன் பேச்சை நம்புவீங்களா? நான் உங்களுக்குச் சும்மாவே தரேன்."

இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்குக் கம்பெனி தருவது இரண்டில் ஒன்றுதான். ஃபோன் விலையில் தள்ளுபடி, இல்லையென்றால் மாதக் கட்டணத்தில் கால் பங்கு தள்ளுபடி. இரண்டையும் சேர்த்தே தருகிறேன் என்றான் கியோங்தே. வேறு யாராவது சொல்லியிருந்தால் மல்சுன் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பாள். வளர்த்த பிள்ளையிடம் கணக்குக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மஞ்சள் பேனாவால் அவன் பூசிவைத்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். வீட்டு இன்டர்நெட், டிவி இணைப்புத் தாள்களும் அந்தக் கட்டுக்குள் இருந்தன. அவற்றிலும் போட்டாள்.

அதோடு விட்டாளா? எட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனாள். மறுவாரம் கியோங்தேயிடமிருந்து, நன்றி என்று எழுதிய அட்டையோடு, எண்ணெயில்லாமல் சுடும் ஏர் ஃப்ரையர் மின்னடுப்பு ஒன்று வந்தது. அதைப் பள்ளி ஓய்வறையில் வைத்து, சோறு முடிந்த பிறகு சக்கரவள்ளிக்கிழங்கு சுட்டு ஒன்பது பேரும் தின்றார்கள்.

ஆறாவது மாதம் அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான தோக்ஜாவின் ஃபோன் சூப் அண்டாவுக்குள் விழுந்தது. மாற்றப் போன இடத்தில், பழைய ஃபோனுக்கே இன்னும் நாற்பத்திரண்டு தவணை பாக்கி என்றார்கள். கியோங்தே ஃபோன் விலையில் ஒரு வோன்கூடக் குறைக்கவில்லை. முழு விலையையும் நான்கு வருஷத் தவணையாக்கி, ஊரில் எவனுக்கும் கிடைக்கிற கால் பங்கு தள்ளுபடியைத் தான் கொடுத்ததாகக் காட்டியிருந்தான். மற்றவர்களும் பில்லை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே கதை.

அன்று ஓய்வறையில் கிழங்கை யாரும் தொடவில்லை.

"அக்கா, எத்தனை தலைக்கு இந்த அடுப்பு? எட்டுக்கும் சேர்த்து ஒண்ணுதானா?" என்றாள் தோக்ஜா.

மல்சுன் எழுந்தாள். அடுப்பின் ஒயரைப் பிடுங்கினாள். இன்னும் சூடு ஆறாத அதை மேல்கோட்டில் சுருட்டி, நேரே கியோங்தேயின் கடைக்குப் போனாள். உள்ளே இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சித்தி, வாங்க வாங்க! காபி..."

"பேசாதே. உன் பேச்சு போதும்." மேசையில் அடுப்பை வைத்து, கால்குலேட்டரை அவன் பக்கம் தள்ளினாள். "தோக்ஜாவைப் பிடிச்சுக் கொடுத்ததுக்குக் கம்பெனி உனக்கு எவ்வளவு கமிஷன் கொடுத்தது? அடி."

"அப்புறம் பேசலாம் சித்தி, ஆளுங்க இருக்காங்க..."

"இருக்கட்டும். நீ அடிக்கிறவரைக்கும் நான் இங்கேதான் நிப்பேன்."

வாடிக்கையாளர்கள் நெளிந்தார்கள். கியோங்தே முப்பது என்று அடித்தான்.

"மத்தவங்களுக்கு?"

அதே முப்பதைக் காட்டினான்.

"எனக்கு?"

அவன் கை நின்றது. ஒருவர் எழுந்து வெளியே போனார். அவன் அழித்துவிட்டு அடித்தான். ஐம்பத்தைந்து.

"என்கிட்ட மட்டும் ஏன்டா இவ்வளவு?"

அவன் தலை நிமிரவில்லை. "அவங்க ஏதாவது கேட்டாங்க சித்தி, இன்டர்நெட், டிவி வேணாம்னாங்க. நீங்க எதுவுமே கேக்கலை."

 ஒன்பதாம் மாடியில் வாய் திறக்காத அந்நியர்கள் மூன்று பேரும் உண்மையைக் காட்டினார்கள். சித்தி சித்தி என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவன்தான் ஆளைப் பார்த்துக் கழுத்தறுத்தான்.

அவன் விற்ற ஃபோனிலேயே அந்த எண்ணைப் படம் பிடித்தாள். 'உங்கள் ஒவ்வொருத்தி தலைக்கும் முப்பது. என் தலைக்கு இது' என்று எழுதிச் சமையலறைக் குழுவுக்கு அனுப்பினாள். இன்னும் படிக்காதவர்களின் கணக்கு செய்தியின் ஓரத்தில் எட்டு என்று நின்றது. அவள் நடைபாதையில் நின்று அதையே பார்த்தாள். ஆறு, மூன்று, ஒன்று என்று இறங்கிக் கடைசியில் அது மறைந்தது.

பிறகு தோக்ஜா எழுதினாள்: 'நாளைக்குக் கிழங்கு நான் வாங்கிட்டு வரேன் அக்கா. வேகவச்சே தின்னுக்கலாம்.'

இரண்டு வருஷம் அவனுக்குச் சோறு போட்டபோதும் மல்சுன் எந்தக் கணக்கும் கேட்டதில்லை. அது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பொரித்த வெங்காயம் நாறும் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.