கம்பளியில் ஊற்றிய தண்ணீர்

1. திரும்பி வந்த சாமான்

ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த பிறகு தேயிலை விலை விழுந்தது. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். பதுளை கடைவீதி ஞாயிற்றுக்கிழமையிலும் வெறிச்சோடிக் கிடந்தது. எங்கள் கம்பளிக் கடையில் இருந்த இரண்டு சேல்ஸ்மேன்களில் ஒருவரை முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மிஞ்சியவன் நான்.

அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து மலிவாக ஒரு கட்டுக் கம்பளி எடுத்திருந்தார் காசிம் முதலாளி. மழையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையில் போட்டுக்கொள்வது கம்பளிதான்.

ஒரு நாள் ஹாலிஎல பக்கத் தோட்டத்திலிருந்து மாரியாயி நடந்தே வந்தாள். நான் விற்ற கம்பளியை மேசையில் வைத்தாள். அதிலிருந்து நீர் சொட்டியது. முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்:

"நானா, ரெண்டு மழைக்கே இது தண்ணியக் குடிச்சிருச்சு. காய்ச்சல்ல நேத்து வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கே போக முடியல. இருக்கிறதே மூணு நாள் வேலை."

முதலாளி தலை நிமிராமலே சொன்னார்: "வித்த சாமான திருப்பி எடுக்கிறதில்ல."

அவள் சண்டை போடவில்லை. "அப்ப இத நீங்களே வச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஏசியிருந்தால்கூட நான் என் வேலையைப் பார்த்திருப்பேன்; அவள் அப்படிப் போனதுதான் சுட்டது.

2. நூறு எண்ணும் வரை

ஓடிப்போய் அவளை அழைத்து வந்தேன். அதே கட்டிலிருந்து புதுக் கம்பளி ஒன்றை எடுத்து, நான்கு மூலையையும் நான்கு முக்காலிகளில் கட்டி, நடுவில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். இருபது எண்ணுவதற்குள் தரை நனைந்தது.

"முதலாளி, இந்த மழை விடுறதுக்குள்ள இவங்க குடியிருக்கிற லயம் முழுக்கத் தெரிஞ்சிரும்," என்றேன்.

"அதுக்கு? கட்டு முழுசையும் குப்பையில கொட்டச் சொல்றியா?"

"படுக்கைக்கு விக்கலாம். மழைக்கு ஆகாதுன்னு சொல்லியே விக்கலாம்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் நனைந்த தரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, மேல்தட்டிலிருந்து பழைய ரகத்தில் தடித்த கம்பளி ஒன்றை இறக்கி அவளிடம் நீட்டினார்.

மாரியாயி கை நீட்டவில்லை. "இதுலயும் ஊத்துங்க."

ஊற்றினேன். நூறு எண்ணியும் ஒரு சொட்டு இறங்கவில்லை. அவளும் கூடவே எண்ணினாள்; முடிந்ததும் அதை மாற்றாக வாங்கிக்கொண்டு போனாள்.

3. போன வியாபாரமும் வந்த வியாபாரமும்

அடுத்த ஞாயிறு அவளுடைய லயத்திலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். ஆறு பேரும் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லி, தடித்த கம்பளியே வாங்கினார்கள். அதற்கடுத்த வாரம் தெமோதரையிலிருந்தும் வந்தார்கள். ஊற்றிக் காட்ட முதலாளியே வாசலில் ஒரு வாளி வாங்கி வைத்தார். மலிவுக் கம்பளியைப் படுக்கைக்கு என்று சொல்லியே விற்றோம்.

எல்லாம் லாபமாகவே முடியவில்லை. ஒரு தோட்டத்துக் கங்காணி தன்கீழ் வேலை செய்யும் ஆட்களுக்காக மலிவுக் கம்பளியில் இருபது கேட்டார்.

"மழை தாங்காதுங்க," என்றேன்.

"நனையப் போறது நானில்லையே. கட்டிக் கொடு."

முதலாளியைப் பார்த்தேன். அவர், "மழைக்குன்னா தரமாட்டோம், கங்காணி," என்றார். அந்தக் கங்காணி எங்கள் படி மறுபடி ஏறவேயில்லை.

அந்த வருடம் எங்கள் வரிசையில் இரண்டு கடைகள் மூடப்பட்டன. எங்கள் கடை தாக்குப்பிடித்தது. தீபாவளிக்கு முன்பே, நிறுத்தப்பட்ட சேல்ஸ்மேனையும் முதலாளி திரும்ப அழைத்துக்கொண்டார்.

இன்று கடையில் நிற்கும் தம்பிமாருக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். பணமுடைக் காலத்தில் வாடிக்கையாளர் ஒன்றுக்குப் பத்து முறை கேட்பார். அது உங்கள்மேல் உள்ள சந்தேகமல்ல, ஏமாந்தால் இன்னொன்று வாங்க அவருக்கு வழியில்லை. பத்து முறையும் காட்டுங்கள்.