துரை விட்டுப்போன நாயின் பின்னங்கால்

எனக்குக் கல்யாணமாகி மலேசியாவில் லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வாழப் போனபோது, அந்த வீட்டில் எனக்கு மூத்தவராக ஒரு நாய் இருந்தது. எழுபதுகளின் கடைசி அது. என் மாமனார் அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி, ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. கடைசி வெள்ளைக்கார துரை ஊருக்குத் திரும்பும்போது தன் அல்சேஷன் நாயை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கூட்டிக்கொண்டு போக வழியில்லாமல் கொடுத்தார் என்று என் கணவர் சொல்வார். நம்பிக் கொடுத்தார் என்று மாமனார் சொல்வார். என் கணவர் போர்டிக்சனில் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அப்பா ஆபீசுக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் அவர் இதையெல்லாம் சொல்வது.

எங்கள் எல்லோரிடமும் தமிழில் பேசும் மாமனார், நாயிடம் மட்டும் இங்கிலீஷில் பேசுவார். "அதுக்குத் தமிழ் புரியாதும்மா. பேசிக் குழப்பிடாத" என்று நான் போன மறுநாளே சொல்லிவிட்டார். சோறு வைப்பது என் வேலை. "வா, வந்து தின்னு" என்றுதான் கூப்பிடுவேன். வந்து தின்னும். இதை நான் அவரிடம் சொல்லப் போகவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டே, காலடியில் படுத்திருந்த நாயின் விலாவுக்குக் கீழே, வயிற்றோரமாகச் சொறிந்துவிட்டார். உடனே அதன் பின்னங்கால் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி படபடவென்று காற்றில் அடித்தது. கையை எடுத்தார், நின்றது. மறுபடி வைத்தார், மறுபடி அடித்தது. பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா? சல்யூட் வைக்குது."

"காலாலயா மாமா?"

"நாய் வேற எதால வைக்கும்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அந்த சல்யூட்டைப் பார்க்காமல் காப்பி குடித்ததில்லை. சின்னக் கிராணி பார்த்தார். கோயில் பூசாரி பார்த்தார். தம்பினிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். "எசமான் கை பட்டாத்தான் இப்படி. வேற யார் தொட்டாலும் அசையாது. துரை பழக்கி வச்சது" என்பார் மாமனார். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. பாதி நாய்மேல் பயம், மீதி அவர்மேல் பயம்.

தோட்டத்தில் அவருக்குப் பயப்படாத ஒரே ஆள் தொழிற்சங்கக் கிளையின் தலைவர். பால் வெட்டும் தொழிலாளி. நாலு பேர் கூடினால் அதை மேடையாக்கிவிடுவார். அவரும் மாமனாரும் கோயில் கூட்டத்தில்கூட ஒரே பாயில் உட்கார மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஆட்டுக்கறி வாசனை எழும்பும்போது எங்கள் நாய் எலும்புக்காக அங்கே போய்விடும். அப்படிப் போன இடத்தில் தலைவரின் கை எங்கேயோ பட்டிருக்கிறது.

திங்கட்கிழமை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர் வீட்டுக்கே வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, தப்பா நெனச்சிக்காதீங்க. ஒங்க நாயி லயத்துல தலைவருக்குக் காலாட்டுது."

வேலைநிறுத்தம் நடந்தபோதுகூட மாமனார் முகம் அப்படிக் கறுத்ததில்லை என்று மாமியார் பிறகு சொன்னார். தலைவர் சும்மா இருக்கவில்லை. "துரை வளத்த நாயே தொழிலாளி பக்கம் வந்திருச்சு. கிராணிமாரு யோசிக்கணும்" என்று கள்ளுக்கடை வாசலில் பேசினாராம். நல்ல கைதட்டல் என்று கேள்வி.

அடுத்த ஞாயிறு பந்து விளையாட்டு முடிந்ததும் திடலிலேயே தீர்த்துவிடுவது என்று முடிவானது. மாமனார் தேய்த்த வெள்ளைச் சட்டையில், நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு போனார். நானும் மாமியாரும் குடையோடு பின்னால் போனோம். லயமே அங்கே நின்றது.

முதலில் தலைவர் குனிந்து சொறிந்தார். கால் அடித்தது. லயத்துச் சனங்கள் சிரித்தார்கள். "நான் பக்கத்துல நிக்கிறேன், அதனால ஆடுது" என்றார் மாமனார். பிறகு அவர் சொறிந்தார். அதே கால், அதே அடி. "ஒங்களுக்கு ஆடுறது சோத்துக்காகய்யா. எனக்கு ஆடுறது மனசார" என்றார் தலைவர். யாருக்கு வேகமாக ஆடியது என்று இரண்டு கட்சியாகப் பேச்சு வளர்ந்தது. நாய் நடுவில் மல்லாந்து கிடந்தது.

விளையாட்டில் அடிபட்டவர்களுக்கு மருந்து போட வந்திருந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் பஞ்சைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அமைதியான மனிதர். சண்டையை நிறுத்தலாம் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"முட்டிக்குக் கீழ தட்டினா நம்ம காலு தன்னால தூக்குதில்ல, அதே மாதிரிதான் இதுவும். அந்த எடத்துல தோலை நோண்டினா, பூச்சி ஊருதுன்னு நரம்பு நெனச்சிக்கும். தட்டிவிடக் காலை அனுப்பும். நாயைக் கேக்கிறதே இல்லை. யாரு சொறிஞ்சாலும் ஆடும். குச்சியால சொறிஞ்சாலும் ஆடும்லா."



"அப்ப நாங்க பூச்சியா?" என்றார் தலைவர். அதே கேள்வியை மாமனார் இங்கிலீஷில் கேட்டார்.

"நரம்புக்கு அப்படித்தான் தெரியும்" என்றார் டிரசர். அத்தோடு விட்டிருக்கலாம். "மூஞ்சியப் பாருங்க. காதைப் பின்னால மடிச்சிக்கிட்டு நகரப் பாக்குது. சில நாய்க்குப் புடிக்கும். இதுக்குப் புடிக்கல."

எனக்கு அது தெரிந்த விஷயம்தான். சோறு வைத்துவிட்டு நான் அதன் நெஞ்சில்தான் சொறிந்துவிடுவேன். கால் ஆடாது. கண்ணைச் செருகிக்கொண்டு முழுப் பாரத்தையும் என் முழங்காலில் சாய்த்துவிடும். ஆனால் வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்ட அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் நான் என் கண்ணாலேயே பார்த்தேன். தலைவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மாமனார் அவரை உட்காரச் சொன்னார். இருவரும் காப்பி குடித்துவிட்டு, ஒன்றாக நடந்து மேனேஜர் பங்களாவுக்குப் போனார்கள். டிரசர் ஆஸ்பத்திரியை நேரத்துக்குத் திறப்பதில்லை, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே தண்ணி மருந்தை ஊற்றுகிறார் என்று புகார். வேலைநிறுத்தத்தில்கூட எட்டாத ஒற்றுமை. புது மேனேஜர் வயதில் சின்னவர். தொழிலாளியும் கிராணியும் சேர்ந்து வந்ததைப் பார்த்தே பயந்துபோய், டிரசரைக் கூப்பிட்டு, இனிமேல் மனுஷர்களை மட்டும் கவனித்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று இரவு என் கணவர் சிரிப்பை அடக்கத் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாரும் அந்த நாயைச் சொறியவில்லை. பூச்சி என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? தலைவர் எலும்பைத் தூரத்தில் இருந்தே எறிந்தார். மாமனார் அதன் பக்கம் கையைத் தொங்கவிடாமல் உட்காரப் பழகிக்கொண்டார். கொஞ்ச நாள் பார்த்தேன். அவரைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"மாமா, நெஞ்சுல சொறிஞ்சி பாருங்க. அதுக்கு ரொம்பப் புடிக்கும்."

"கால் ஆடுமா?"

"ஆடாது மாமா."

"அப்புறம் எதுக்கு?" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.