கை மங்கிய கேலக்ஸிகள்

திருப்பதியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், நான்கு வகுப்பு முடித்துத் தொண்டை கட்டிப்போன பிறகுதான் என் சொந்த ஆராய்ச்சிக்கு உட்காருவேன். வெளிநாட்டு வானாய்வுக்கூடம் ஒன்று அனுப்பியிருந்த கேலக்ஸிப் படங்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் உருண்டையா, கை விரித்த சுருளா என்று பிரிக்க வேண்டும். சுருள்களுக்கு வயதாக ஆகக் கை மங்கி, கடைசியில் உருண்டையாகிவிடுகின்றன என்பது என் கட்சி. பாதி மங்கிய கைகள் நிறையக் கிடைத்தால் கட்சி ஜெயிக்கும். என் டாக்டர் பட்டம் அதை நம்பித்தான் இருந்தது.

ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது இந்த வேலையில் முறை. எனக்கு இரண்டாவது கண்ணாக இருந்தவர் பக்கத்து அறை விரிவுரையாளர், திருத்தணிக்காரர். எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்குப் போனதும் அவரும் அங்கேயே வேலை தேடிக்கொண்டார்.

"எங்க ஊரே அந்தப் பக்கம் போய்டுச்சி மேடம். நான் மட்டும் இங்க குந்திக்கினு இன்னா பண்றது?"

"ஊரு எங்க சார் போச்சு? இருந்த எடத்துலதான இருக்குது."

சிரித்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் எல்லாம் ஒற்றை ஆள் பார்வைதான். வேறு யாரைக் கூப்பிட்டாலும், "அதுல என்னம்மா இருக்கு, வெறும் புகையால்ல தெரியுது" என்று நழுவினார்கள். சாயங்காலம் உட்கார்ந்தால் மங்கிய கைகளாகவே வந்து விழுந்தன. உடம்பு ஓய்ந்துபோனாலும் மனசுக்கு சந்தோஷம். கட்டுரையும் தயாரானது.

அனுப்புமுன் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று கோடை விடுமுறைக்குப் படங்களைச் சித்தூர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அங்கே வகுப்பு இல்லை, விடைத்தாள் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, காலை வெளிச்சத்தில் லென்ஸை வைத்தேன். மங்கியவை என்று ஒதுக்கியிருந்த படங்களில் கைகள் பளிச்சென்று தெரிந்தன. எடுக்க எடுக்க அதே கதை. என் கண்ணின் அலுப்பைத்தான் இத்தனை நாளும் கேலக்ஸிகளின் மூப்பு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து திரும்பிய அப்பா, "இன்னாம்மா, முடிஞ்சிச்சா உன் வேல?" என்று கேட்டார்.

"எல்லாம் தப்பு நைனா. கை எதுவும் மங்கல. என் கண்ணுதான் அலுத்துப் போயிருக்குது."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அப்ப அதுங்களுக்கு ஒண்ணும் ஆவலியே? நல்லதுதான. வா, சோறு துன்னலாம்."

நல்லதுதான். அதுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது என் ஐந்து வருடம். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவர் குழம்பு ஊற்றினார்.